நீ கேட்ட கத்தி

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு விற்பனைப் பெண் என் கையில் ஒரு பையை வைத்தாள். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, தோல் நிறம், கனமே இல்லை. பெருங்குடலை எடுத்துவிட்டவர்கள் மலம் சேர்வதற்காக வயிற்றில் ஒட்டிக்கொள்கிற பை. நான் அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தேன். அவள் திடுக்கிட்டாள். எண்பத்து நாலு வயதுக் கிழவன் அதைப்போய் மோந்து பார்த்தால் யார்தான் திடுக்கிட மாட்டார்கள்? நான் தேடியது ரப்பர் நாற்றத்தை. நம் நாளில் அந்தப் பைக்குச் சைக்கிள் டியூபும் பினாயிலும் கலந்த ஒரு நாற்றம் உண்டு, வார்டைத் தாண்டி வீடு வரைக்கும் கூடவே வரும். இதில் ஒன்றுமே இல்லை. அங்கேயே நின்றபடி உன்னை நினைத்துக்கொண்டேன்.

இடம் ஹைதராபாத்தில் ஒரு பெரிய ஹோட்டல். குடல் நோய் டாக்டர்களின் கூட்டம். பெருங்குடல் புண்ணாகி ரத்தமாகப் போகிற நம் பழைய எதிரி அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு இப்போது என்ன வைத்தியம், இனி என்ன வரப்போகிறது என்று நாள் முழுக்கப் பேச்சு. நீ இருந்திருந்தால் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்க மாட்டாய். உடம்பின் காவல்படையே தன் குடலைத் தாக்குகிறது, அதை அடக்க ஒரு நாள் மருந்து வரும் என்று, கப்பலில் மாதக்கணக்கில் தாமதமாக வரும் வெளிநாட்டுப் பத்திரிகைகளை மடியில் வைத்துக்கொண்டு சொல்வாயே, அது வந்துவிட்டது. ஊசியாகவும் மாத்திரையாகவும் ரகரகமாக வந்திருக்கிறது. ஒருவர் ஆரம்பத்திலேயே பலமான ஊசியைப் போடு என்றார். இன்னொருவர் அவசரப்படாதே, பழைய மஞ்சள் மாத்திரையே இன்னும் நிறையப் பேருக்குப் போதும் என்றார். ஓர் இளைஞர், ஆரோக்கியமான ஆளின் மலத்தை நோயாளியின் குடலுக்குள் செலுத்தும் வைத்தியத்தைப் பற்றி முகத்தில் சிரிப்பே இல்லாமல் பேசினார். நான் சிரித்துவிட்டேன். பக்கத்து நாற்காலிக்காரர் முறைத்தார்.

கடைசியாக ஒரு பெண் டாக்டர் பேசினார். மருந்துகள் பெருகிவிட்டன, ஆனால் எந்த நாளில் மருந்தை நிறுத்திவிட்டு சர்ஜனைக் கூப்பிட வேண்டும் என்பதில்தான் நாம் இன்னும் தப்பு செய்கிறோம் என்றார். சொல்லிவிட்டு முன்வரிசையைக் கை காட்டினார். "எந்த வசதியும் இல்லாத காலத்துல, எத்தனை தடவை போகுதுங்கற எண்ணிக்கையை நம்பாம, சரியான நாள்ல கத்தி எடுத்த சர்ஜன் இங்கே உக்காந்திருக்கார்" என்றார். நம் நோயாளி சவரிமுத்துவின் கதையை என் பழைய உதவியாளர்களில் யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஹால் முழுக்கக் கைதட்டியது. நான் எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

அந்தக் கைதட்டல் என்னுடையது இல்லை. அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது என்றுதான் நாற்பது வருஷத்துக்கு மேலாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஆஸ்பத்திரியில் நமக்கு எதிரெதிர் அறைகள். உன் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்தில் கும்பகோணத்திலிருந்து செகந்தராபாத் ரயில்வேக்கு வந்தது. என் அப்பா பாளையங்கோட்டையிலிருந்து பைபிளும் டிரங்குப் பெட்டியுமாகக் கண்டோன்மென்ட் பள்ளிக்கு வாத்தியாராக வந்தவர். நீ பேசினால் தஞ்சாவூர், நான் பேசினால் திருநெல்வேலி. நர்சுகளிடம் இரண்டு பேரும் பேசியது கலவைத் தெலுங்கு. நீ என்னைக் கசாப்புக்காரன் என்பாய், நான் உன்னை மாத்திரைக்காரன் என்பேன். பெருங்குடல் புண் வந்த ஒவ்வொரு நோயாளிக்கும் சண்டை. கெட்டுப்போன குடலை எடுத்து எறி, பையோடு பிழைத்துப் போகட்டும் என்பது என் கட்சி. உள்ள குடலை விட்டுக்கொடுக்காதே, மஞ்சள் மாத்திரை, ஸ்டீராய்டு, இரண்டும் தோற்றால் சிறுநீரகம் மாற்றியவர்களுக்குக் கொடுக்கிற அந்தப் புது மாத்திரை, அதுவும் தோற்ற பிறகு கசாப்புக் கடை என்பது உன் கட்சி.

சவரிமுத்து வந்தபோது அவனுக்கு முப்பது வயது இருக்கும். போவன்பள்ளிக் கத்தோலிக்கக் குடும்பம், மூன்று தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள். சர்க்கார் கனரகத் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டினான். கூரையை ஒட்டித் தண்டவாளத்தில் ஓடுகிற கிரேன். அதன் கூண்டில் ஏற நெட்டுக்குத்தான இரும்பு ஏணி. அமீபா என்று சொல்லி இரண்டு வருஷம் ஊரில் உள்ள எல்லாரும் அவனுக்கு அமீபா மருந்தாகக் கொடுத்துத் தள்ளியிருந்தார்கள். நீதான் குழாய் விட்டுப் பார்த்து இது அமீபா இல்லை என்றாய். அதோடு விடாமல் தொழிற்சாலைக்கே போய், கூண்டிலிருந்து இறங்கிக் கக்கூஸ் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கைக்கடிகாரத்தில் பார்த்துவிட்டு வந்தாய். ஷிப்டில் அவன் சாப்பிடுவதே இல்லை என்பதையும் அங்கேதான் கண்டுபிடித்தாய். எனக்கு அந்த மாதிரி யோசனையே வந்திருக்காது, ஒத்துக்கொள்கிறேன்.

அக்டோபரில் அவனுக்கு நோய் முற்றி வார்டில் சேர்த்தோம். ஒரு நாளைக்குப் பதினாலு, பதினைந்து தடவை, எல்லாம் ரத்தம். நரம்பில் ஸ்டீராய்டு ஏறிக்கொண்டிருந்தது. நீ என்னை இழுத்துக்கொண்டுபோய் அவன் கட்டிலருகில் நிறுத்தினாய். "ரெண்டு டாக்டருக்கும் ரெண்டு அபிப்பிராயம், சவரி. ரெண்டையும் கேட்டுக்கோ. உன் வயிறு" என்றாய். அந்த நாளில் நோயாளியிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. எனக்குக் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் என் கட்சியைச் சொன்னேன், நீ உன் கட்சியைச் சொன்னாய். அவன் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டான்.

"பை கட்டிட்டு கிரேன் ஏற முடியுமா டாக்டர்?"

"தெரியல. ஏறவிட மாட்டாங்கன்னு நினைக்கேன்."

"அப்ப ஆபரேஷன் நக்கோ, வேணாம் டாக்டர்" என்றான். "கீழ நின்னா எனக்கு ஒரு பேருமில்ல. மேல இருக்கறப்ப முப்பது பேரு வேலைய நிறுத்திட்டு என் கையத்தான் பாத்துட்டு நிப்பாங்க."

அவன் மனைவி பிலோமினா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். சரி, ஆபரேஷன் இல்லை என்று அவன் கையில் அடித்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

நீ காலையில் செய்கிற காரியம் ஒன்று உண்டு. டெய்லர் நாடா ஒன்றைக் கோட்டுப் பையில் வைத்திருப்பாய். இப்படிப்பட்ட நோயாளிகளின் வயிற்றில், தொப்புள் மட்டத்தில் இரண்டு பக்கமும் மை வைத்துக் கோடு போட்டு, தினமும் அதே கோட்டில் நாடாவைச் சுற்றி அளப்பாய். "ஜாக்கெட் தைக்கப் போறியாலே?" என்று வார்டே கேட்கும்படி நான் கேலி செய்வேன். உன் வாயைப் பிடுங்க முடியாது. அளந்து எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாய்.

ஐந்தாம் நாள் எண்ணிக்கை இறங்கியது. ஒன்பது. அப்புறம் ஐந்து. அடுத்த நாள் காலையில் மூன்றே தடவை. பிலோமினா வார்டில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தாள். நான் அட்டையைப் பார்த்தேன். எனக்குச் சந்தோஷம்தான், கொஞ்சம் வயிற்றெரிச்சலும்கூட. நர்சுகள், ஜூனியர்கள் எல்லாரும் கேட்க, "ஜெயிச்சிட்டலே மாத்திரைக்காரா. ஒத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு ஆபரேஷன் தியேட்டருக்குப் போனேன். நீ நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு அவன் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

பதினொரு மணி இருக்கும். ஒரு ஹெர்னியாவை முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். நீ தியேட்டர் வாசலில் வந்து நின்றாய். கையில் எக்ஸ்ரே படம், இன்னும் காயவில்லை, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எண்ணிக்கை கொறையுது. வயிறு ஏறுதுடா" என்றாய். "நேத்தைக்கு இன்னிக்கு ரெண்டு விரக்கடை ஏறியிருக்கு. நாடி ஓடுது. காது வெச்சுக் கேட்டேன், குடல்ல சத்தமே இல்லை."

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாய். பெருங்குடல் காற்றடைத்து ஊதி வயிறு முழுக்க நின்றது. அவன் குணமாகவில்லை. குடல் செயலற்றுப் போய்விட்டது, அதனால்தான் போவது குறைந்திருக்கிறது. வலியையும் காய்ச்சலையும் ஸ்டீராய்டு மறைத்துவைத்திருந்தது. எண்ணிக்கையை மட்டும் பார்த்த எங்கள் எல்லாருக்கும் அது நல்ல சேதியாகப் பட்டது.

அப்போது நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். இவ்வளவு நாள் யாரிடமும் சொல்லாத ஒன்று இது, எழுதிவிடுகிறேன். "இன்னும் ஒரு நா பாப்போம். நாளைக்குக் காலைல முடிவு பண்ணலாம்" என்றேன். நான் சொன்னேன், கசாப்புக்காரன்! கிரேனை நினைத்து அப்படிச் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளலாம். எல்லார் முன்னாலும் தோல்வியை ஒத்துக்கொண்ட ரோஷம் என்றும் சொல்லலாம். உண்மை அதுவல்ல, பயம். முந்தைய வருஷம் இதே மாதிரி ஊதின குடலோடு வந்த ஒருத்தர் என் மேஜையிலேயே போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த ஆபரேஷனை நான் தொடவில்லை. எடுத்து எறி என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, நீ சம்மதிக்க மாட்டாய் என்கிற தைரியத்தில்தான் சொன்னேன்.

உனக்கு அது தெரிந்திருந்தது. இப்போது யோசித்தால் அப்படித்தான் தோன்றுகிறது. நீ குரலை உயர்த்தவில்லை.

"நாளைக்குக் காலைல வெட்டறதுக்கு ஆள் இருக்க மாட்டான். என் மருந்து தோத்துப்போச்சு. நீ இன்னிக்கே எடு. கேக்கறேன்டா, எடு."

வாழ்க்கை முழுக்க எந்தக் கத்தியோடு சண்டை போட்டாயோ, அதையே வாசலில் வந்து நின்று கேட்டாய். நான் இதுவரை பார்த்த டாக்டர்களில் தன் கட்சி தோற்றதைத் தானே முதலில் கண்டுபிடித்து, தானே நடந்துவந்து சொன்ன ஆள் வேறு யாரும் இல்லை.

மத்தியானம் வயிற்றைத் திறந்தேன். குடல் நனைந்த காகிதம் மாதிரி இருந்தது. விரல் பட்டால் கிழிந்துவிடும். ஒரு இடத்தில் கிழியத் தொடங்கியும் இருந்தது. தொழிற்சாலை லாரியில் வந்திறங்கிய அவன் கூட்டாளிகள் ரத்தம் கொடுத்தார்கள். நீ மேஜையின் தலைமாட்டில் நின்று பாட்டிலை மாற்றிக்கொண்டே இருந்தாய். பெருங்குடலை எடுத்து, சிறுகுடலின் நுனியை வயிற்றில் வாயாக வைத்துத் தைத்து முடித்தேன். சவரி பிழைத்தான்.

இரண்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் அவன் கேஸை நீதான் விவரித்தாய். "சர்ஜன் சரியான நேரத்துல எடுத்த முடிவு" என்றாய். எல்லாரும் கைதட்டினார்கள். நான் உன் முகத்தைப் பார்த்தேன், நீ மின்விசிறியைப் பார்த்தாய். வெளியே வந்ததும் "ஏம்லே அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன். "அவன் ஆயுசுக்கும் உன்கிட்டதான் பைக்கு வரணும். வார்டுல நம்பிக்கை இருக்கட்டும். விடுடா" என்றாய். நான் விட்டுவிட்டேன். அவ்வளவு சுலபமாக விட்டேன் என்பதுதான் இப்போது என்னைக் குத்துகிறது.

கிரேன் விஷயத்தை மட்டும் நீ விடவில்லை. பை கட்டினவன் ஏணி ஏறத் தகுதியில்லை என்று தொழிற்சாலை மருத்துவ அதிகாரி எழுதிவிட்டார். நீ அந்த ரப்பர் பையில் தண்ணீரை நிரப்பிச் சட்டைக்குள் கட்டிக்கொண்டாய். ஒரு வாரம் அப்படியே ரவுண்ட்ஸ் வந்தாய், ஸ்கூட்டர் ஓட்டினாய், கோயிலுக்குக்கூடப் போனாய். எட்டாம் நாள் தொழிற்சாலைக்குப் போய் அந்த அதிகாரி முன்னாலேயே ஏணியில் ஏறினாய். வேட்டி கட்டியே பழகின உன் கால் அந்த ஏணியில் நடுங்கியதைக் கீழே நின்று நான் பார்த்தேன். பாதியில் பட்டை நழுவியது. பை பிய்த்துக்கொண்டு தண்ணீர் பேண்ட் வழியாக இறங்கி அந்த அதிகாரியின் தொப்பியில் விழுந்தது. தொழிலாளிகள் சிரித்த சிரிப்பில் ஷெட்டே அதிர்ந்தது. நீயும் ஏணியில் தொங்கிக்கொண்டே சிரித்தாய். "பட்டைதான் சார் தப்பு, ஆள் இல்லை" என்று மேலேயிருந்து கத்தினாய்.

அடுத்த நாள் என்னையும் இழுத்துக்கொண்டு லோத்குண்டாவுக்குப் போனாய். பட்டாளத்துக்கு பெல்ட் தைக்கிற தோல்காரர் ஒருவர் அங்கே இருந்தார். நீ சட்டையைத் தூக்கிப் பையைக் காட்டியதும், "கைக்கு சாப்?", எதுக்கு சார் என்று உருதுவில் கேட்டு வாயைப் பிளந்தார். விஷயத்தைக் கேட்டதும் உன் இடுப்பை இரண்டு தடவை அளந்து, தோளிலிருந்து ஒரு வார் இறங்குகிற மாதிரி அகலமான பெல்ட் தைத்துக் கொடுத்தார். அதைக் கட்டிக்கொண்டு நீ கூண்டு வரை ஏறி, கூண்டில் உட்கார்ந்து, இறங்கியும் வந்தாய். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அதிகாரி கையெழுத்துப் போட்டார். சவரி ஓய்வு பெறுகிற வரைக்கும் அந்தக் கிரேனைத்தான் ஓட்டினான்.

ஒவ்வொரு அக்டோபரிலும் ஆபரேஷன் நடந்த தேதியன்று ஒரு கூடை சீதாப்பழத்தோடு என் வீட்டுக்கு வருவான். "உங்க கையி டாக்டர்" என்று சொல்லிவிட்டுப் போவான். நானும் தலையாட்டி வாங்கிக்கொள்வேன். நீ இருந்தபோதும் வந்தான், உன்னை மாரடைப்பு கொண்டுபோன பிறகும் வந்தான். உன் சாவுக்கு வந்தவர்களில் மயானம் வரைக்கும் அழுதுகொண்டே நடந்தவன் அவன். தன்னைச் சாகக் கிடக்கிற வரை மாத்திரையிலேயே வைத்திருந்த டாக்டருக்காக இப்படி அழுகிறானே என்று நான் அன்று நினைத்தேன். நினைத்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அந்த ஹோட்டல் கைதட்டலுக்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் ஆட்டோ பிடித்துப் போவன்பள்ளிக்குப் போனேன். சவரிக்கு எழுபது தாண்டிவிட்டது. பேரனின் பள்ளிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். பிலோமினா காபி கொண்டுவந்தாள். காபியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னேன். "சவரி, அன்னைக்கு முடிவு எடுத்தது நான் இல்ல. நாளைக்குப் பாப்போம்னு தள்ளிப்போட்டவன் நான். உனக்கு மாத்திரை குடுத்த டாக்டர் இருந்தான்ல, அவன்தான் அடம்பிடிச்சு வெட்டச் சொன்னான். இவ்வளவு நாளா உங்கிட்ட சொல்லல."

அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

"ஹவ், ஆமா டாக்டர், தெரியும்" என்றான்.

நான் பிலோமினாவைப் பார்த்தேன். அவளும் தலையாட்டினாள்.

"நீங்க தியேட்டர்ல இருந்தீங்க. அவரு வந்து என் கட்டில்லயே உக்காந்துட்டாரு. ‘என் மருந்து தோத்துப்போச்சு சவரி, ஆபரேஷன நான்தான் கேட்டேன். உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா பிலோமினா என் வீட்டு வாசல்ல வந்து என்னைத் திட்டணும். சர்ஜன ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. இன்னொருத்தர் போயிட்டா அவன் கத்தியவே கீழ வெச்சிடுவான்’னாரு. வீட்டு விலாசம்கூட எழுதிக் குடுத்தாரு. அப்பதான் நான் ஆபரேஷனுக்கு சரின்னேன்."

"பிழைச்சா?" என்றேன்.

"‘நீ பிழைச்சேன்னா வருஷா வருஷம் போயி அவனுக்கு நன்றி சொல்லு’ன்னாரு. சொன்னேன் டாக்டர்."

"அவனுக்கு? அந்த மாத்திரைக்காரனுக்கு?"

"அவருக்கு நான் சொல்லப் போனேன், நக்கோன்னுட்டாரு. அதான் அவரு போனதுலேந்து கோயில்ல அவரு பேருக்குப் பூசை வெக்கறோம்" என்றாள் பிலோமினா.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து இதை எழுதுகிறேன். அந்தப் பெண் டாக்டருக்கும் ஒரு கடிதம் எழுதிவிட்டேன், நடந்ததை உள்ளபடி, நான் பயந்ததையும் சேர்த்து. அடுத்த கூட்டத்தில் அதைப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். அதனால் பெரிதாக ஒன்றும் சரியாகிவிடாது, தெரியும். உனக்குப் பிறகு பதினாலு வருஷம் கத்தி பிடித்தேன். அப்படி ஊதின குடல்களை எத்தனையோ தடவை பயமில்லாமல் எடுத்தேன். அந்தத் துணிச்சல் என்னுடையது என்று நினைத்திருந்தேன். நீ ஒரு மத்தியானத்தில் சவரியின் கட்டிலில் உட்கார்ந்து எனக்காகக் கேட்டு வாங்கி வைத்தது அது என்று செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது.

நீ சொன்னாய் என்பதற்காக சவரி ஒரு வருஷம்கூடத் தவறாமல் எனக்கு நன்றி சொன்னான். உனக்கு நான் ஒரு தடவைகூட நன்றி சொல்லவில்லை. நன்றி சொல்லு என்று யாரும் வந்து எனக்குச் சொல்லியிருக்கத் தேவையில்லை. எதிர் அறையில்தானே இருந்தாய்.